மேகம் வந்தால் நிற்கும் டைமர்

ஆபீஸ்ல எனக்குப் பேரு பாம்புக்காது. மூஞ்சிக்கு நேரா யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா மூணு அறை தள்ளி நின்னு சொன்னாலும் எனக்குக் கேக்கும்ங்கறதை மட்டும் மறந்துடுவாங்க. பாதுகாப்புத் துறையில ஒலிப்பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பிடிச்சுட்டு வர்ற டேப்பு, போன் பேச்சு, ஒட்டுக்கேட்டது எல்லாத்தையும் ஹெட்போன் மாட்டிக் கேட்டு எழுத்துல இறக்கிக் கொடுக்கறது என் வேலை. பத்தொன்பது வருஷம். ஒரு தப்பு கிடையாது. பெருமைக்குச் சொல்றேன்னு நினைச்சா நினைச்சுக்கங்க, பெருமைக்குத்தான் சொல்றேன்.

எங்க பிரிவுல ரெண்டு சட்டம். முதலாவது, கேட்டது எல்லாத்தையும் எழுதணும். இருமல், நாற்காலி கிறீச்சிட்டது, தூரத்து நாய், எல்லாம். ஒண்ணும் கேக்கலைன்னா அதையும் எழுதணும்: 'ஒலி இல்லை, பதினாலு வினாடி.' ரெண்டாவது, 'போல'ன்னு எழுதவே கூடாது. துப்பாக்கி போலன்னு நீ எழுதினா, மேல போகப் போக அது துப்பாக்கியாவே ஆயிடும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கறதே நான்தான். அந்த 'போல'வை என் கையாலேயே ஒரு நாள் எழுதித் தொலைச்சேன்.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி. டெபுடி சார் ஒரு கறுப்புப் பெட்டியோட என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னார். அதுல இருந்து ஒரு வயர் வெளிய வந்து, நுனியில மெழுகு பூசின மைக் உருண்டை ஒண்ணு தொங்கிட்டிருந்தது. தண்ணி சொட்டுது. என் பேப்பர் எல்லாம் நனையுது. அதைப் பத்தி அவருக்கு என்ன கவலை?

"பம்ப் ஸ்டேஷன் பக்கத்துல, ஆத்தங்கரையில ஒருத்தி இதைத் தண்ணிக்குள்ள இறக்கிட்டு உக்காந்திருந்தா"ன்னார். "ஊருக்கே குடிதண்ணி போற இடம். என்னடி பண்றேன்னா, ஆத்தைக் கேக்கறேங்கறா."

பிடிபட்டவ வீடு வீடா வயரிங் வேலை பாக்கற பொம்பளை. பொம்பளையா இருந்தாலும் எல்லாரும் அவளை வயர்மேன்னுதான் கூப்பிடுவாங்களாம். அவளும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, ஆலைக்காரன் ஆத்துக்குள்ள ஒரு குழாயை விட்டிருக்கான், அதுல வர்றது விஷம்னு ரெண்டு வருஷமா மனு மேல மனுவாப் போட்டுட்டிருந்தாங்க. மனு போட்டது ஆத்துக்காக. ஆனா அவங்க பேர்ல ஃபைல் தொறந்தது எங்க துறை. அது தலைகாணி அளவுக்கு வீங்கிப் போய் டெபுடி சார் அலமாரியில இருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள அவளை உள்ள வைக்கற உத்தரவு கையெழுத்தாகணும். உள்ள அறுபத்திரண்டு பதிவு இருக்கு. ஏதாவது ஒண்ணைப் போட்டுக் கேளுங்க."

"ஒண்ணை மட்டும் கேட்டு எழுதற பழக்கம் எனக்கு இல்ல சார்."

"இன்னிக்குப் பழகிக்கங்க."

கைக்கு வந்த பதிவை எடுத்து, ஆரம்பத்தைக்கூடக் கேக்காம நடுவுல இருந்து ஓட விட்டேன். நாலு நிமிஷம். தண்ணிக்குள்ள டிக், டிக், டிக்னு ஒரு சத்தம். துல்லியமா, வினாடிக்கு ரெண்டு. அதை அப்படியே சொன்னேன்.

"எது மாதிரி இருக்கு?"ன்னார்.

"சத்தம் சார். சத்தம் சத்தமாத்தான் இருக்கு."

அவர் குனிஞ்சு மெதுவாச் சொன்னார்: "அம்மா, உங்க வீட்டுக் குழாய்க்கும் அங்க இருந்துதான் தண்ணி வருது. எது மாதிரி இருக்கு?"

பயந்துட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? காலையில அதே குழாயில பிடிச்ச தண்ணியைத்தான் பாட்டில்ல ஊத்திட்டு வந்திருந்தேன். 'சீரான டிக் ஒலி, டைமர் போல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்.

சாயங்காலம் உத்தரவோட நகல் வந்தது. 'தண்ணீருக்குள் டைமர் ஒலி பதிவாகியுள்ளது. மக்கள் பாதுகாப்புக்கு உடனடி அபாயம்.' விசாரணை இல்லாம ஒரு வருஷம் உள்ள. நான் எழுதின 'போல' எந்த மேசையில உதிர்ந்துச்சோ தெரியல. படிச்சப்ப மனசு உறுத்துச்சு. நமக்கென்ன, கேட்டதைச் சொன்னோம்னு டிபன் பாக்ஸைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

இந்த மாதிரி உத்தரவை மூணு மாசத்துக்குள்ள மறுஆய்வுக் குழு பாக்கணும்னு ஒரு விதி உண்டு. அந்தக் குழுவுக்கு மொத்தப் பதிவும் எழுத்துல போகணும். அறுபத்திரண்டும் என் தலையில வந்து விழுந்தது. இந்தத் தடவை ஒழுங்கா முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

வயர்மேனோட குரல், கொஞ்சம் கரகரப்பு. வாயில எதையோ மென்னுக்கிட்டே பேசறா. "மேல் கரை. ஆலைக்கு ரெண்டு மைல் மேல. காலையில ஆறு நாப்பது. மேகம் இல்ல. தண்ணி முழங்கால் அளவு. என் முழங்கால்தான், நான் குள்ளம்." தனக்குத்தானே ஒரு சிரிப்பு. அப்புறம், "இன்னும் யாரும் எந்திரிக்கல."

அந்த 'யாரும்' யாருன்னு கண்டுபிடிக்க டெபுடி சார் நாலு பேரை அனுப்பி, ஊர்ல இருக்கற லாட்ஜ் எல்லாம் தேடினார். அது தனிக் கூத்து.

அதுக்கப்புறம் உருண்டை தண்ணிக்குள்ள இறங்கற சத்தம். பிறகு நான் கேட்டதை எப்படிச் சொல்றது? 'போல'ன்னு போடாம எழுத முடியாம நான் திணறினது அந்த அறுபத்திரண்டு பதிவுலதான். தண்ணிக்குள்ள சத்தமே இருக்காது, மீன் ஊமைன்னு நினைச்சுட்டிருந்தேன். எங்க! ஒருத்தன் உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கறான். ஒருத்தன் பழைய கதவைத் தொறந்து தொறந்து மூடறான். யாரோ விரல் நுனியால மேசையைத் தட்டறாங்க, பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி, மறுபடி தட்டறாங்க. கூட்டத்துக்கு நடுவுல ஒரு கீச்சுக் குரல் விடாமக் கத்துது. வயர்மேன் பதிவுல சொல்றா: "இது தண்ணிப் பூச்சி. அரிசி அளவுகூட இல்ல, வாயைப் பாரு."

நான் எத்தனையோ பேர் வீட்டைக் கேட்டிருக்கேன். ரகசியம், சண்டை, கெஞ்சல், எல்லாம் கேட்டுக் காது மரத்துப்போச்சு. ஆனா தினமும் பஸ்ல பாலத்து மேல போறப்ப சும்மா கிடக்குன்னு நான் நினைச்ச தண்ணிக்கு அடியில இப்படி ஒரு ஊரே இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. மூணாவது நாள் சாப்பாட்டு மணி அடிச்சதே எனக்குக் கேக்கல. பாம்புக்காதுக்குக் காது போச்சுன்னு பக்கத்து மேசையில சிரிச்சாங்க.

அந்த டிக்டிக் மேல் கரையில எடுத்த பதிவுல எல்லாம் இருந்தது. நான் நேரத்தைக் குறிச்சுக்கிட்டே வந்தேன். வெயில் தண்ணியில விழற வரைக்கும் கிடையாது. விழுந்ததும் ஒண்ணு தொடங்கும். "ஒருத்தர் எந்திரிச்சாச்சு"ம்பா அவ. அப்புறம் ரெண்டு, மூணு, உச்சிவெயில்ல நூறு. சாயங்காலம் ஒவ்வொண்ணா அடங்கிடும். இருபத்திமூணாவது பதிவுல, "மணி பத்து இருபது. பெரிய மேகம் ஒண்ணு வருது"ங்கறா. கொஞ்ச நேரத்துல டிக் தளருது. இன்னும் தளருது. நிக்குது. நாலு நிமிஷம் அதுல ஒண்ணும் இல்ல. "மேகம் போயிடுச்சு"ங்கறா. டிக்.

ஹெட்போனைக் கழட்டி மேசை மேல வெச்சேன். மேகம் வந்தா நிக்கிற டைமரை எவன் செய்வான்? நான் போட்ட ஒரு வார்த்தையால ஒரு பொம்பளை அம்பது நாளா உள்ள உக்காந்திருக்கா.

ஞாயித்துக்கிழமை மீன் தொட்டி விக்கற கடைக்குப் போய் ஒரு கொத்து தண்ணிச் செடி வாங்கிட்டு வந்தேன். கண்ணாடி ஜாடியில போட்டு, சின்ன மைக் ஒண்ணை பலூனுக்குள்ள சொருகி இறக்கி, சமையலறை ஜன்னல்ல வெயில் படற மாதிரி வெச்சுட்டு உக்காந்தேன். எங்க வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கறவர். வாசப்படியில நின்னு பாத்தார்.

"பத்தொன்பது வருஷமா நான் கத்தறது உன் காதுல விழல. செடி பேசறது விழப்போகுதாக்கும்?"

"வாயை மூடுங்க. பதிவாயிடும்."

வெயில் ஏறுச்சு. செடித் தண்டோட நுனியில கடுகை விடச் சின்னதா ஒரு குமிழி உருண்டு, விடுபட்டு, மேல போச்சு. ஹெட்போன்ல டிக். அடுத்தது. டிக். அடுத்தது. நூல் பிடிச்ச மாதிரி குமிழி வரிசை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக். நான் உள்ளங்கையை வெயிலுக்குக் குறுக்கால வெச்சேன். தளர்ந்துச்சு. ஒரு நிமிஷத்துல நின்னுடுச்சு. கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் டிக். அது மூச்சு விடுது. எங்கேயோ கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால இருக்கற சூரியன், என் சமையலறையில, பாத்திரம் கழுவற இடத்துக்குப் பக்கத்துல அந்தச் செடியைத் தட்டி எழுப்புது. அந்தத் தட்டுற சத்தத்தைத்தான் நான் கேட்டுட்டிருக்கேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வீட்டுக்காரர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். அந்த மனுஷன் வாய் அடைச்சு நின்னு நான் பாத்ததே இல்ல. பத்து நிமிஷம் அப்படியே நின்னார். அப்புறம், "அந்தப் பொம்பளைக்கு என்ன பண்ணப் போறே?"ன்னார்.

திங்கக்கிழமை டெபுடி சார்கிட்ட போய் என் முதல் அறிக்கையைத் திருத்தணும்னேன். அவர் ரொம்ப மரியாதையா நாற்காலி காட்டினார். அப்பவே தெரிஞ்சு போச்சு.

"கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திருத்த வழி கிடையாது. அதை விடுங்க. நீங்க ஒரு தடவை தப்புன்னு ஒத்துக்கிட்டா, பத்தொன்பது வருஷமா நீங்க எழுதினது எல்லாத்தையும் தோண்டுவாங்க. எத்தனை கேஸ் அதுல நிக்குது, தெரியுமா? குழு முன்னாடி போய், ஏற்கெனவே எழுதினதைப் படிங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"கேட்டதை மட்டும்தான் சார் நான் சொல்வேன். அதுதானே என் வேலை?"ன்னுட்டு வந்துட்டேன். வாய்தான் அப்படிப் பேசுச்சு. மனசு பென்ஷன் கணக்குப் போட்டுட்டிருந்தது.

குழு கூடினது ரெண்டாவது மாடியில, காலையில பத்து மணிக்கு. நீள மேசைக்குப் பின்னாடி மூணு பேர். நடுவுல தலைவரம்மா, ஓய்வு பெற்ற நீதிபதி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பாக்கறவங்க. எல்லாருக்கும் முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி. ஓரத்துல ரெண்டு பெண் போலீசுக்கு நடுவுல வயர்மேன். நிஜமாவே குள்ளம். அந்தக் குரலை ஏழு வாரம் காதுல வெச்சிருந்தவளுக்கு, முகத்தைப் பாத்ததும் ரொம்ப நாள் பழகினவங்களைப் பாத்த மாதிரி இருந்தது. அவளுக்கு நான் யாரோ. கறுப்புப் பெட்டி மேசை மேல சீட்டு ஒட்டி இருந்தது. நான் கொண்டு போன துணிப்பையை எதிர்ல இருந்த ஜன்னல் திண்டு மேல வெச்சேன்.

"டைமர் ஒலின்னு உத்தரவுல இருக்கு"ன்னாங்க தலைவரம்மா. "கேட்டவங்க நீங்கதானே?"

"ஆமாங்கம்மா. டிக் ஒலி கேட்டேன். டைமர் கேக்கல. டைமர் போலன்னு எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. நாலே நிமிஷம், நடுவுல இருந்து கேட்டேன். அது பம்ப் ஸ்டேஷன் பக்கம் எடுத்த பதிவே இல்ல, மேல் கரையில எடுத்தது. என் தப்பு."

டெபுடி சார் எந்திரிச்சார். தலைவரம்மா பேனாவால உக்காரச் சொன்னாங்க. "அப்ப அது என்ன சத்தம்?"

நான் பையில இருந்து ஜாடியை எடுத்து வெயில்ல வெச்சேன். "அந்தப் பெட்டியை இதுல இறக்கிப் பாக்கலாங்களா?"

எனக்கு அதைப் பூட்டத் தெரியல. வயரை அங்க சொருகி இங்க சொருகிப் பாத்தேன், கர்ருன்னுது. "சிவப்பு அங்க இல்லீங்க, கீழ இருக்கற ஓட்டையில"ன்னு ஓரத்துல இருந்து குரல் வந்தது. தலைவரம்மா தலையாட்ட, விலங்கைக் கழட்டி விட்டாங்க. வயர்மேன் வந்து, ரெண்டே அசைவுல பூட்டி, உருண்டையைச் செடிக்குப் பக்கத்துல இறக்கினா. ஜாடிக்குள்ள எட்டிப் பாத்து, "எந்திரிச்சுட்டீங்களா?"ன்னா. எழுபத்தோரு நாளைக்கப்புறம் அவ மனசு விட்டுப் பேசின முதல் ஆள் அந்தச் செடிதான்னு எனக்குத் தோணுச்சு.

டிக். டிக். டிக். அறை முழுக்கக் கேட்டுச்சு.

தலைவரம்மா எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வந்து, மேகம் வந்ததை என் எழுத்துல படிச்சிருந்தவங்க, நான் சொல்றதுக்கு முன்னாடியே தானே கையை வெயிலுக்குக் குறுக்கால நீட்டினாங்க. டிக் தளர்ந்து, நின்னுச்சு. அவங்க கையை எடுக்கல. மூச்சுகூட விடலன்னு நினைக்கறேன். எடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, டிக். "அட"ன்னாங்க. மறுபடி கையை வெச்சாங்க, எடுத்தாங்க. மத்த ரெண்டு உறுப்பினரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு வந்து தங்கள் கையையும் நீட்டினாங்க. பெண் போலீஸ் ரெண்டு பேரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருஷம் ஜெயில் எழுதின கை எல்லாம் ஒரு செடிக்கு நிழல் கொடுத்துப் பாத்துட்டிருந்தது.

"இவங்க பிடிபட்ட இடத்துல எடுத்த பதிவு?"ன்னு கேட்டாங்க தலைவரம்மா, உக்காந்ததும்.

"கடைசிப் பதிவுங்கம்மா." நான் எழுதினதைப் படிச்சேன். "'நீரோட்டம். வேறு ஒலி இல்லை. நாற்பத்தோரு நிமிடம்.'"

"எழுதினதே போதும், போட்டுக் கேக்க வேண்டியதில்ல"ன்னார் டெபுடி சார்.

"போடுங்க"ன்னாங்க தலைவரம்மா.

வயர்மேனோட குரல்: "கீழ் கரை. ஆலைக் குழாய்க்குக் கீழ நூறடி. காலையில ஒம்பது மணி. மேகம் இல்ல, நல்ல வெயில்." அப்புறம் தண்ணி நகர்ற லேசான இரைச்சல். அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் ஆச்சு. பத்து ஆச்சு. உப்புத்தாள் தேய்க்கறவன் இல்ல, கதவு இல்ல, அரிசி அளவு வாயாடி இல்ல. ஒருத்தரும் இருமல. அந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு கேட்டவ நான், ஜன்னல்ல இருந்த ஜாடியையே பாத்துட்டிருந்தேன். நாப்பத்தோரு நிமிஷத்தையும் முழுசா உக்காந்து கேட்டாங்க.

பதிவு முடிஞ்சதும் தலைவரம்மா கேட்டாங்க: "இந்த இடத்துல இருந்து பம்ப் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?"

"கீழ்ப் பக்கம் அஞ்சு நிமிஷ நடைங்கம்மா"ன்னா வயர்மேன். "இதைத்தான் ரெண்டு வருஷமா மனுவுல எழுதிட்டிருக்கோம்."

டெபுடி சார் பாதி குடிச்ச கிளாஸை மெதுவா மேசை மேல வெச்சார். அதுக்கப்புறம் அந்த அறையில யாரும் தண்ணியைத் தொடல.

சாயங்காலத்துக்குள்ள உத்தரவு ரத்தாச்சு. கடைசிப் பதிவை, மக்கள் பாதுகாப்புக்கு அபாயம்ங்கற அதே தலைப்புல, புதுசா ஒரு ஃபைல் தொறந்து விசாரிக்கச் சொன்னாங்க. என்னை அடுத்த வாரமே தபால் பிரிவுக்குத் தூக்கிட்டாங்க, கவர்ல சீல் குத்தற வேலை. குத்தறதுக்குக் காது எதுக்கு?

குழு கூடின அன்னிக்கே சாயங்காலம் வராந்தாவுல அவ கையெழுத்துப் போட்டுப் பெட்டியைத் திரும்ப வாங்கிட்டு நின்னா. நான் கிட்டப் போனேன். "நான்தாம்மா அதை எழுதினவ"ன்னேன்.

"தெரியும். உள்ளேயேதான் சொன்னீங்களே."

"எழுபத்தோரு நாள். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

"அது அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கடைசிப் பதிவை நல்லாக் கேட்டீங்களா?"

"நாலு தடவை."

"முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல? வெயில் நல்லா ஏறின நேரம் அது. ஒண்ணே ஒண்ணு, ரொம்ப மெலிசா? எனக்கு அவ்வளவு காது கிடையாதுங்க. பதிவை முழுசாக் கேட்டு எழுதறதுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க, பயங்கரமான காதுன்னு உள்ள ஒரு போலீஸ் அக்கா சொன்னாங்க. அவங்களுக்காவது ஏதாவது கேட்டிருக்கும்னு தினமும் நினைச்சுக்குவேன்."

அவ அந்த ஆறு செத்துப்போச்சுன்னு நிரூபிக்க அங்க உக்காந்திருக்கல. உயிரோட ஏதாவது மிச்சம் இருக்கான்னு தேடிட்டு உக்காந்திருந்தா. பத்தொன்பது வருஷத்துல, கேக்காத ஒண்ணைக் கேட்டேன்னு சொல்ல என் வாய் துடிச்சது அப்ப மட்டும்தான். ஒரு டிக். ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?

"இல்லம்மா"ன்னேன். "ஒண்ணும் இல்ல."

அவ தலையாட்டினா. குழு முன்னாடி கலங்காத கண்ணு அப்பத்தான் நிறைஞ்சுது. பெட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சத்தமில்லாம அழுதா. நானும் பக்கத்துல நின்னுட்டே இருந்தேன். அப்புறம் சட்டைக் கையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா.

"ஞாயித்துக்கிழமை ஆறே முக்காலுக்குக் கீழ் கரைக்கு வாங்க"ன்னா. "எங்கிட்ட ஹெட்போன் ரெண்டு இருக்கு."

"வர்றேன்"ன்னேன்.